ஆற்றங்கரையாளுக்கு வந்த மின்னஞ்சல்

ஆனந்தவள்ளிக்கு அந்த மின்னஞ்சல் புதன்கிழமை மூன்றாவது பீரியடில் வந்தது. அனுப்பியவர்கள் அவளிடமிருந்து பன்னிரண்டடி தூரத்தில், ஏழாம் எண் கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். தாங்கள் அனுப்பியது அவளுக்குத்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது.

"மதிப்பிற்குரிய ஆற்றங்கரையாள் அவர்களுக்கு, நாங்கள் உறையூரில் பதினோராம் வகுப்பு படிக்கும் மாணவிகள். தாங்கள் 2010 ஜனவரியில் தங்கள் வலைப்பதிவில், ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் படித்துறை மண்டபத் தூணில் இருக்கும் கோடு, 1924ஆம் வருஷத்து வெள்ளம் ஏறிய உயரம் என்று எழுதியிருக்கிறீர்கள். இது தங்களுக்கு எப்படித் தெரியும் என்று அறிய விரும்புகிறோம். நன்றி. அ. அல்ஷிஃபா, கோ. வைஷ்ணவி."

குறை சொல்ல முடியாத கடிதம். நாங்கள் யார், எந்தப் பதிவு, எந்தத் தேதி, என்ன கேள்வி, நன்றி. அவள் பலகையில் எழுதிப்போட்ட வரிசை மாறாமல் இருந்தது.

பழைய முகவரியை அவள் எப்போதோ மூடியிருக்கலாம். கேஸ் புக்கிங்கும் கரண்ட் பில்லும் அதில்தான் வருகின்றன என்று விட்டுவைத்திருந்தாள். ஆற்றங்கரையாள் என்று பெயர் போட்டு யாரும் அதற்கு எழுதி வருஷக்கணக்காகிறது.

"மிஸ், அனுப்பிட்டோம்," என்றாள் அல்ஷிஃபா. "பதில் வருமா மிஸ்?"

"வரும்னு சொல்ல முடியாது. ரொம்பப் பழைய பதிவு."

"ஆளு இருக்காங்களோ என்னவோ," என்றாள் வைஷ்ணவி, ஒரு துக்கமும் இல்லாமல்.

ஆனந்தவள்ளி போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அவள் தொட்டியத்துக்காரி. வாழை போடும் குடும்பம். நெல் போடுகிறவர்கள் தண்ணீரை நினைத்துக் கவலைப்படுவார்கள். வாழை போடுகிறவர்களுக்குக் காற்று. தார் தள்ளி நிற்கிற தோட்டத்தை அரைமணி நேரக் காற்று படுக்கப்போட்டுவிடும். ஆகவே அந்த வீட்டில் யாராவது வந்து "நாளைக்குப் புயலாம்" என்றால் யாரும் உடனே பயப்படுவதில்லை. முதலில் விசாரிப்பார்கள். யார் சொன்னது, எப்போது சொன்னான், அவனுக்கு எப்படித் தெரியும். மரத்துக்கு முட்டுக் கொடுப்பதா வேண்டாமா என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது. பயப்படுவதெல்லாம் அதற்கப்புறம்தான். பிற்காலத்தில் அவள் ஆய்வு முறை என்று வகுப்பெடுத்ததில் பாதி, இந்த வீட்டுப் பேச்சு.

வரலாற்றில் எம்.ஏ., எம்.ஃபில். முடித்து, ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் சரவணனைக் கட்டிக்கொண்டு மன்னார்புரத்தில் குடியேறினாள். மூன்று பள்ளிக்கூடங்கள் மாறி, ஆறு வருஷத்துக்கு முன்னால் உறையூரில் இந்தப் பெண்கள் பள்ளிக்கு வந்தாள். ஸ்ரீரங்கத்து டிரஸ்ட் ஒன்று நடத்துகிற பள்ளி. உத்தியோகப் பெயர் நீளமானது: நூலகம் மற்றும் இணையத் தேடல் பொறுப்பாசிரியை, தற்காலிகம். ஆறு வருஷத்தில் அந்தப் பெயரில் எதுவும் மாறவில்லை, கடைசிச் சொல் உட்பட.

ஒரே நீள அறை. ஒரு பக்கம் புத்தக அலமாரி, மறுபக்கம் பதினெட்டுக் கணினிகள், அவற்றில் பதின்மூன்று ஓடும். வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். மாணவிகள் செல்போனைத் தொடவே கூடாது என்பது பள்ளியின் கொள்கை. அந்தக் கொள்கையை விளக்கும் சுற்றறிக்கை மாணவிகளின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது.

அவள் வந்த புதிதில் பிள்ளைகள் கேள்வியை அப்படியே தட்டி, முதலில் வருகிற பக்கத்தை அப்படியே எடுத்து ஒட்டி, நீல இணைப்புக் கோடுகளைக்கூட அழிக்காமல் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஒருத்தி அப்பரைப் பற்றிய கட்டுரையின் நடுவில் குக்கர் விளம்பரத்தையும் சேர்த்துக் கொடுத்திருந்தாள். ஆனந்தவள்ளி கோபப்படவில்லை, கவலைப்பட்டாள். அவளுக்குக் கோபம் வர வேண்டிய இடங்களிலெல்லாம் கவலைதான் வரும். திரையில் கண் வழுக்கும் என்று சொல்லி, ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலைத் திரைமேல் வைத்து வரிவரியாக இறக்கிப் படிக்க வைத்தாள். படித்ததும் திரையை அணைத்துவிட்டு நோட்டில் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும். பிறகு திரையைத் திறந்து, எழுதியது சரியா என்று பார்க்க வேண்டும். பக்கத்தின் முகவரி, பார்த்த தேதி. அதற்கும் மேலே நாலு கேள்விகள்: யார் சொன்னது, எப்போது சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும், இவரைப் பார்த்து எழுதாமல் வேறு யார் சொல்லியிருக்கிறார்.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து புகார் சொன்னார். "சொந்தக்காரங்க வீட்ல ஒரு சாவுச் செய்தி வந்துச்சுங்க. இவ போனை வாங்கி, உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேக்கறா."

இப்படிப்பட்ட ஆசிரியைக்குத்தான் அந்த மின்னஞ்சல் வந்திருந்தது. அதற்குச் சரியான பதில் ஒன்றே ஒன்றுதான். எனக்குத் தெரியாது.

2010இல் அவளுக்கு இருபத்துநாலு வயது. அப்போது வலைப்பதிவு எழுதாதவர்கள் படிக்காதவர்கள் என்று ஒரு நினைப்பு இருந்தது. அவளும் ஆற்றங்கரையாள் என்று பெயர் வைத்துக்கொண்டு எழுதினாள். விடுதித் தோழி ஒருத்தி கொள்ளிடக் கரைக்குப் போய்விட்டு வந்து ஒரு தூணின் புகைப்படத்தைக் காட்டினாள். மார்பு உயரத்தில், ஒரு சாண் நீளத்துக்கு, உளியால் வெட்டிய ஒரு கோடு. ஸ்ரீரங்கத்தில் கல்லில் எதைப் பார்த்தாலும் அது பெருமாள் சம்பந்தமாக இருக்கும், அல்லது வெள்ளம் சம்பந்தமாக இருக்கும். இதில் நாமம் இல்லை. ஆகவே வெள்ளம். வெள்ளம் என்றால் ஊரில் எல்லாரும் சொல்வது இருபத்துநாலாம் வருஷத்து வெள்ளம். இவ்வளவுதான் ஆராய்ச்சி. இடத்தைப் போய்ப் பார்க்கவில்லை. மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் எழுதி ஏற்றிவிட்டாள். இருபத்துமூன்று பேர் அருமை என்று எழுதினார்கள்.

இதைவிட விசித்திரமான ஒன்று உண்டு. பள்ளியின் செக்ரட்டரி சௌரிராஜன், ஸ்ரீரங்கத்தில் ஓய்வுபெற்ற பாங்க் அதிகாரி. 'கொள்ளிடக் கரைக் குறிப்புகள்' என்று அறுபத்துமூன்று குறிப்புகள் கொண்ட சிறு புத்தகம் போட்டிருந்தார். பள்ளியில் சேருகிற ஒவ்வொரு ஆசிரியைக்கும் நியமன உத்தரவோடு ஒரு பிரதி கொடுப்பார். அட்டையில் அதே தூண். முதல் குறிப்பு அதே கோடு, அதே வெள்ளம். ஆறு வருஷத்துக்கு முன்னால் அதைப் பார்த்தபோது ஆனந்தவள்ளிக்கு நிம்மதியாக இருந்தது. பரவாயில்லை, நாம் குத்துமதிப்பாக எழுதியது சரிதான், உள்ளூர்க்காரரே எழுதியிருக்கிறார். முதல் குறிப்போடு புத்தகத்தை மூடி வைத்தாள், அதோடு அதை மறந்தும் போனாள்.

இப்போது அலமாரியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்துப் பதிப்பு வருஷத்தைப் பார்த்தாள். 2013.

விஷயம் இங்கேதான் சிக்கலானது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, மாவட்டப் பள்ளிகளுக்கிடையே ஆய்வுப் போட்டி. தலைப்பு, எங்கள் ஊரில் ஒரு கல். அல்ஷிஃபாவும் வைஷ்ணவியும் இந்தத் தூணை எடுத்துக்கொண்டது தலைமையாசிரியை சொல்லித்தான். தலைமையாசிரியைக்கு வரலாறு தெரியாது, செக்ரட்டரியைத் தெரியும். போட்டிக்கு மறுவாரம் திங்கட்கிழமை, ஆனந்தவள்ளியின் வேலையை நிரந்தரமாக்குவதா என்று முடிவு செய்யும் நேர்காணல். முடிவு செய்கிறவர் சௌரிராஜன். முப்பத்தொன்பது வயதில் ஐந்தாவது பள்ளிக்கூடம் தேடுவது என்றால் என்ன என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அன்று சாயங்காலம் சரவணனிடம் சொன்னாள். அவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான்.

"பதிவை டெலீட் பண்ணிடு."

"ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பாங்க."

"பதினோராங்கிளாஸ் பிள்ளைங்க. அவ்வளவு தூரம் யோசிக்குமா?"

"நான்தான் எடுக்கச் சொல்லிக்கொடுத்தேன். முதல்ல ஸ்கிரீன்ஷாட், அப்புறம்தான் படிக்கறது."

சரவணன் கத்தியை நிறுத்தினான். "இவ்வளவு நல்லா யாரு உன்னைச் சொல்லிக்கொடுக்கச் சொன்னது?"

மறுநாள் அவள் பதில் எழுதினாள். உண்மையை எழுதத்தான் உட்கார்ந்தாள். எழுதி முடித்தபோது அது வேறாக இருந்தது. "அன்பு மாணவிகளுக்கு, உங்கள் ஆர்வம் மகிழ்ச்சி தருகிறது. அத்தகவலை அப்பகுதிப் பெரியவர் ஒருவர் சொல்லக் கேட்டேன். வாழ்த்துகள். ஆற்றங்கரையாள். பின்குறிப்பு: பக்கத்தின் முகவரியோடு, பார்த்த தேதியையும் எழுதிக்கொள்ளவும். திரையை அணைத்துவிட்டு எழுதினால் மனதில் தங்கும்."

பொய் சொல்கிறபோதும் பாடம் நடத்தாமல் அவளால் இருக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை அடுத்த மின்னஞ்சல் வந்தது. "தங்கள் பதிலுக்கு நன்றி. அந்தப் பெரியவரின் பெயர் என்ன? எந்த வருஷம் சொன்னார்? 1924இல் அவர் பிறந்திருந்தாரா? அவர் வீட்டில் யாரையாவது நாங்கள் சந்திக்க முடியுமா? தொந்தரவுக்கு மன்னிக்கவும். 'ஒரு பெரியவர் சொன்னார்' என்பது ஆதாரம் இல்லை, அது ஒரு பழக்கம் என்று எங்கள் ஆசிரியை சொல்லியிருக்கிறார்."

அதை அவள் எந்த வகுப்பில் சொன்னாள் என்பது நினைவில்லை. நன்றாகத்தான் சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமை முழுதும் அந்தப் பெரியவருக்கு ஒரு பெயர் வைக்கலாமா என்று யோசித்தாள். பெயர் வைத்தால் தெரு வேண்டும். தெரு வைத்தால் இவர்கள் போய்க் கதவைத் தட்டுவார்கள். இறந்துவிட்டார் என்று எழுதினால் எந்தத் தேதி என்று கேட்பார்கள். இல்லாத ஒரு மனிதரைக் காப்பாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனாள். பதினைந்து வருஷமாகத் தன் பெயரில் இருக்கிற தூணை முதல்முறையாகப் பார்க்க.

சின்னப் படித்துறை. நாலுகால் மண்டபம். ஆற்றில் தண்ணீர் எங்கோ தூரத்தில் ஒரு பட்டையாக ஓடியது. தூணில் கோடு இருந்தது. மண்டப நிழலில் வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் சைக்கிளிலிருந்து இளநீர்க் குலையை இறக்கிக்கொண்டிருந்தார்.

"போட்டோ எடுக்கணும்னா இந்தப் பக்கம் வாங்கம்மா. அங்க நின்னா வெயில் அடிக்கும்," என்றார்.

"இந்தக் கோடு என்னங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நான் போட்டதுங்க."

ஆனந்தவள்ளி தூணில் கையை ஊன்றிக்கொண்டாள்.

அவர் பெயர் அம்மாசி. முன்பு நகராட்சியில் கூலி வேலை பார்த்தவர். "தொண்ணூத்தி ஒண்ணுல இந்தப் பக்கம் தண்ணிக் குழாய் பதிச்சாங்க. மட்டம் பாக்கறதுக்கு அசையாத இடத்துல ஒரு குறி வேணும்னு எஞ்சினியர் சொன்னாரு. இந்தத் தூணுதான் அசையாம நின்னுச்சு. உளி நான் பிடிச்சேன். கோயில் கல்லுல கை வைக்கறோமேன்னு ஒரு சூடம் ஏத்திட்டுத்தான் வெட்டினேன்."

"எல்லாரும் வெள்ளம்னு சொல்றாங்களே."

"சொல்றாங்க. குடும்பத்தோட வருவாங்க, புள்ளைங்களுக்குக் காட்டுவாங்க. எனக்கும் சொல்லிக்கொடுத்துட்டுப் போவாங்க. எதுக்கு நடுவுல பேசறது."

"இதுக்கு முன்னாடி யாரும் உங்களைக் கேக்கலையா?"

"நேத்துதான் ரெண்டு பொண்ணுங்க வந்து கேட்டுச்சுங்க. ஒண்ணு தலையில துப்பட்டா போட்ட பொண்ணு, ஒண்ணு ரெட்டைச் சடை. ஒரு பொண்ணோட அப்பாவும் கூட வந்தாரு. டேப்பு வச்சு அளந்து, நான் பேசினதை ரெக்கார்டு பண்ணிக்கிட்டு, என் பேரு, ஊரு, வயசு எல்லாம் எழுதிக்கிச்சுங்க. நெசமாவே நீங்கதான் வெட்டினீங்கன்னு எப்படி நம்பறதுன்னு வேற கேட்டுச்சு அந்த ரெட்டைச் சடை. வாயி ஜாஸ்தி."

"என்ன சொன்னீங்க?"

"கூட வேலை பாத்தவன் ஒருத்தன் மேலூர் ரோட்டுல இருக்கான், போய்க் கேளுங்கன்னேன். போயிட்டாங்க."

ஆனந்தவள்ளி ஒரு இளநீர் வாங்கிக் குடித்தாள். மாணவிகளை நினைத்துப் பெருமைப்பட வேண்டிய நேரம் அது. வேறொரு ஆசிரியையின் மாணவிகளாக இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பாள்.

திங்கட்கிழமை இருவரும் ஒரு சார்ட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் விரித்தார்கள்.

"தலைப்பு அதேதான் மிஸ். முடிவு மட்டும் மாறிடுச்சு," என்றாள் அல்ஷிஃபா.

சார்ட்டில் பன்னிரண்டு கட்டங்கள், நடுநடுவே அம்புக்குறிகள். சுற்றுலாப் பக்கம் ஒன்று, ஆன்மிகப் பத்திரிகை ஒன்று, யூடியூப் சேனல்கள் மூன்று, இன்னும் சில. எல்லாவற்றிலும் அதே கோடு, அதே வெள்ளம். எல்லா அம்பும் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பின்னோக்கிப் போய் இரண்டு கட்டத்தில் சேர்ந்தன. கடைசிக்கு முந்தின கட்டம், கொள்ளிடக் கரைக் குறிப்புகள், 2013. கடைசிக் கட்டம், ஆற்றங்கரையாள், 2010. அதற்கப்பால் அம்பு இல்லை.

"பன்னெண்டு பேர் சொல்றாங்கன்னு நினைச்சோம் மிஸ். ஒரே ஆளுதான் பன்னெண்டு வாட்டி சொல்லியிருக்கு," என்றாள் வைஷ்ணவி. "ஏஐகிட்ட கேட்டோம். அதுவும் ஆமான்னு சொல்லிட்டு, ஜனங்க அழுதுக்கிட்டே கோடு போட்டாங்கன்னு நாம கேக்காததையும் சேர்த்துச் சொல்லுச்சு. ஆதாரம் கேட்டா செக்ரட்டரி சார் புக்கைக் காட்டுது."

அல்ஷிஃபா குரலைத் தாழ்த்தினாள். "அதான் மிஸ் பயமா இருக்கு. செக்ரட்டரி சார் முன்வரிசையில உட்காருவாராம். அந்தக் கட்டத்தை மட்டும் எடுத்துடலாமா?"

எடுத்துவிடுங்கள் என்று ஆனந்தவள்ளி சொல்லியிருக்கலாம். சொன்னால் யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள், குழந்தைகளே கேட்கிறார்கள். ஒரு கட்டத்தை எடுத்தால் அம்புகளை மாற்ற வேண்டும், அம்புகளை மாற்றினால் கடைசிக் கட்டத்தையும் ஏதாவது செய்யலாம். வாய்வரை வந்தது.

"நாளைக்குச் சொல்றேன்," என்றாள்.

மறுநாள் பள்ளி விட்டு வீட்டுக்குப் போகும்போது, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி உட்கார இடம் கிடைத்ததும், போனில் எழுதினாள். "அல்ஷிஃபா, வைஷ்ணவி இருவருக்கும். ஆற்றங்கரையாள் என்ற பெயரில் எழுதியது நான்தான். 2010இல் நான் அந்த இடத்துக்குப் போகவில்லை. யாரும் எனக்குச் சொல்லவில்லை. பெரியவர் என்று ஒருவர் இல்லை. போன வாரம் நான் எழுதியது பொய். கோட்டைப் பார்த்து நானாக ஊகித்தேன். இதை அப்படியே பயன்படுத்தலாம். பெ. ஆனந்தவள்ளி." பின்குறிப்பு எதுவும் சேர்க்கவில்லை. பஸ் மன்னார்புரம் தாண்டிப் போய்விட்டதை அடுத்த நிறுத்தத்தில்தான் கவனித்தாள்.

புதன்கிழமை காலையில் இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்கள்.

"மெயில் வந்துச்சு மிஸ்."

"ம்."

"எங்களுக்குப் போன வாரமே சந்தேகம்தான் மிஸ்," என்றாள் வைஷ்ணவி. அல்ஷிஃபா அவள் முழங்கையைக் கிள்ளினாள். "பார்த்த தேதியை எழுதிக்கோ, திரையை அணைச்சுட்டு எழுதுன்னு உலகத்துல வேற யாரு மிஸ் சொல்லுவாங்க?"

"அப்புறம் ஏன் ரெண்டாவது மெயில் போட்டீங்க?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "சந்தேகம்தானே மிஸ்," என்றாள் அல்ஷிஃபா. "ஆதாரம் இல்லையே."

ஆனந்தவள்ளி அலமாரிச் சாவியை எடுத்து, திறக்க வேண்டிய அவசியமில்லாத ஒரு கதவைத் திறந்தாள்.

"என் பேரைப் போடுங்க. செக்ரட்டரி சார் புத்தகத்தோட பேரையும் வருஷத்தையும் போடுங்க. அவர் பேரு வேண்டாம். மனுஷரைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. யாராவது கேட்டா, புத்தகத்தில ஆதாரம் குறிப்பிடலைன்னு மட்டும் சொல்லுங்க. அதுக்கு மேல கேட்டா என்னைக் கைகாட்டுங்க."

"உங்களுக்கு இன்டர்வியூ இருக்கே மிஸ்," என்றாள் அல்ஷிஃபா. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தெரியாதது பாடம் மட்டும்தான்.

"அது என் பாடு. அளவு எழுதினீங்களா? எத்தனை சென்டிமீட்டர்?"

வெள்ளிக்கிழமை மன்னார்புரத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி அரங்கத்தில் போட்டி நடந்தது. பட்டுக்கரை வேட்டி, நெற்றியில் பளிச்சென்று திருமண்ணுடன் சௌரிராஜன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாற்காலி தள்ளி ஆனந்தவள்ளி. பக்கத்திலிருந்தவரிடம் அவர் சொல்வது காதில் விழுந்தது: "அடுத்தது நம்ம பசங்க. என் புஸ்தகத்துல இருக்கற விஷயம்தான்."

அல்ஷிஃபா பேசினாள், வைஷ்ணவி படங்களை மாற்றினாள். தூணின் உயரம், கோட்டின் உயரம், அம்மாசியின் குரல், மேலூர் ரோட்டு ஆளின் குரல். பிறகு அந்தப் பன்னிரண்டு கட்டம். ஆனந்தவள்ளி திரையைப் பார்க்கவில்லை. முன்னால் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தாள். இரண்டு நாற்காலிக்கு அந்தப் பக்கம் அங்கவஸ்திரம் சரிசெய்யப்படும் சத்தம்கூட நின்றுபோனது.

நடுவராக வந்திருந்த பேராசிரியர் கேட்டார். "இந்த ஆற்றங்கரையாள் யாருன்னு கண்டுபிடிச்சீங்களா?"

"எங்க மிஸ்தான் சார்," என்றாள் அல்ஷிஃபா. "அங்க உட்கார்ந்திருக்காங்க. எழுதிக் கொடுத்திருக்காங்க, அது கடைசி ஸ்லைடுல இருக்கு."

அரங்கம் திரும்பிப் பார்த்தது. ஆனந்தவள்ளி எழுந்து நின்றாள். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள்.

இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசு, தெர்மோகோலில் மண்டபம் செய்து விளக்குப் போட்டிருந்த பள்ளிக்கு.

வெளியே வராந்தாவில் சௌரிராஜன் காத்திருந்தார். அவருடைய முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"உங்க ப்ளாக்கெல்லாம் நான் பார்த்ததே இல்லை," என்றார்.

"சரிங்க சார்."

"எங்க தாத்தா சொன்னது அது. சின்ன வயசுல என் கையைப் பிடிச்சுண்டு போய் அந்தத் தூண்ல காட்டினார். பாருடா, இவ்வளவு உசரம் வந்ததுன்னு. எனக்கு நன்னா ஞாபகம் இருக்கு. அவர் விரல்கூட ஞாபகம் இருக்கு." அங்கவஸ்திரத்தை இழுத்துவிட்டுக்கொண்டார். "அந்த மனுஷன் எந்த வருஷம் வெட்டினேங்கறான்?"

"தொண்ணூத்தி ஒண்ணுங்க சார்."

சௌரிராஜன் பாங்கில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவர். கூட்டிக் கழிக்க அவருக்கு வெகுநேரம் தேவையில்லை.

"தாத்தா ஆசார்யன் திருவடி அடைஞ்சது எழுபத்தெட்டு," என்றார். கோடு வெட்டியது அதற்குப் பதின்மூன்று வருஷம் கழித்து. அதை அவர் அவளிடம் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டார். பிறகு, "திங்கட்கிழமை பதினோரு மணிக்கு வந்துடுங்கோ," என்று சொல்லிவிட்டு, செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டு, கழற்றி, சரியாகப் போட்டுக்கொண்டு போனார்.

சனியும் ஞாயிறும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. சரவணன் வேறு பள்ளிகளின் விளம்பரங்களைப் போனில் பார்த்து, அவள் வரும்போதெல்லாம் மறைத்தான்.

திங்கட்கிழமை, டிரஸ்ட் அலுவலகம், ஸ்ரீரங்கம். மூன்று பேர் உட்கார வேண்டிய குழுவில் சௌரிராஜன் மட்டும் இருந்தார். மேஜையில் கொள்ளிடக் கரைக் குறிப்புகள்.

"இதுல அறுபத்துமூணு குறிப்பு இருக்கு. ஒண்ணு போயாச்சு. மீதியில எத்தனை தேறும்?"

"தெரியாதுங்க சார். பார்த்தாத்தான் சொல்ல முடியும்."

"எல்லாம் தேறும்னு சொல்லுவேள்னு நினைச்சேன்." அட்டைத் தூணைப் பார்த்தார். "நிரந்தரம் பண்றதை டிரஸ்ட்ல இப்ப எடுத்துக்க முடியாது. அடுத்த ஜூன்ல பார்க்கலாம். இன்னும் ஒரு வருஷத்துக்குத் தற்காலிகமா உத்தரவு போட்டிருக்கேன். அதுக்குள்ள உங்க பசங்களை வச்சுண்டு இந்த அறுபத்திரெண்டையும் பார்த்துக் கொடுங்கோ. எது ஆதாரம் உள்ளது, எது என் ஞாபகம், எது ரெண்டும் இல்லாததுன்னு பிரிச்சு. ரெண்டாம் பதிப்பு போடணும்."

இது தண்டனையா, நம்பிக்கையா, இல்லை ஒரு வருஷம் தள்ளிப்போட்ட தண்டனையா என்று ஆனந்தவள்ளிக்குத் தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. உத்தரவையும் புத்தகத்தையும் வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள். சரவணன் கூப்பிட்டான்.

"கிடைச்சுதா?"

"இன்னும் ஒரு வருஷம்."

"அப்ப கிடைக்கலைன்னு சொல்லு."

"போகலைன்னும் சொல்லலாம். அவர் புத்தகத்தை முழுசா சரிபார்த்துத் தரணுமாம். அறுபத்திரெண்டு குறிப்பு."

மறுபக்கம் ஒர்க்‌ஷாப் இரைச்சல். அவன் யோசிக்கிறான் என்று தெரிந்தது. சரவணன் யோசித்தால் நல்லதாக எதுவும் வராது.

"ஆனந்தி, அந்த ப்ளாக்ல நீ மொத்தம் எத்தனை எழுதின?"

"நாப்பத்தொண்ணு. ஏன்?"

"இல்ல, அவர் அதுல ஒண்ணைத்தான் எடுத்தாருன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

ஒன்றாம் நம்பர் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் அவளைப் பார்த்து, ஏறுகிறீர்களா என்று கையால் கேட்டார். அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் புத்தகத்தை வைத்து, இரண்டாம் குறிப்பைத் திறந்தாள்.